கணக்குக் கொப்பி கைத்தொலைபேசிக்கு வந்த கதை

அன்று எமது மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டம். கண்டாவளைப் பக்கத்தில் உள்ள முன்பள்ளி ஒன்றின் விறாந்தையில் பாய் விரித்து இருந்தோம். சேமிப்புக் கணக்கையும் சுழற்சிக் கடன் கணக்கையும் கைத்தொலைபேசியில் பதியக்கூடியதாக ஒரு செயலி செய்து தருகிறேன் என்று நான் சொன்னேன். 'அப்' என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான் செயலி. நான் சொல்லி முடிப்பதற்குள், சுவரோடு சாய்ந்திருந்த ஆச்சி ஒருவர் கேட்டார்:

"இதுவும் செத்துப் போகுமோ, பிள்ளை?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆச்சி ஏன் அப்படிக் கேட்டார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நல்ல மனதோடு வந்த திட்டமொன்றின் கீழ் எமது சங்கத்துக்கு ஒரு செயலி கிடைத்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று அதைச் செய்து கொடுத்தது. இரண்டு நாள் பயிற்சி நடந்தது. "இனிக் கொப்பி தேவையில்லை" என்றார்கள். நாமும் கொப்பியை மூடி வைத்தோம். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு திட்டம் முடிந்தது. ஒருநாள் பொருளாளர் அக்காவின் தொலைபேசி கிணற்றடியில் விழுந்து பழுதாகிவிட்டது. புதிதாக வாங்கிய தொலைபேசியில் அந்தச் செயலி ஏறவில்லை. பழைய பதிப்பு, இந்தத் தொலைபேசிக்குப் பொருந்தாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. செய்து தந்தவர்களுக்கு அழைப்பெடுத்தோம். அந்தச் செயலியைக் கட்டிய கருவி இப்போது வழக்கில் இல்லை, அதைத் தெரிந்த பொடியனும் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். எமது 14 மாதக் கணக்கு எங்கேயோ ஒரு கணனியில் கிடந்தது. அதை எடுக்க எமக்கு வழியிருக்கவில்லை.

அந்த 14 மாதத்துக்குள்தான் ஆச்சி தன் கோழி வளர்ப்புக் கடனில் 12,000 ரூபாவைத் திருப்பிக் கட்டியிருந்தார். வாங்கிய பொருளாளர் அக்காவுக்கு ஆச்சி கட்டியது ஞாபகம். எவ்வளவு என்பதுதான் ஞாபகமில்லை. சங்கக் காசு எல்லோருடைய காசு அல்லவா? இரண்டு கூட்டங்கள் சண்டையில் முடிந்தன. கடைசியில் ஆச்சி ஓர் ஆட்டை விற்று 6,000 ரூபாவை இரண்டாம் முறையும் கட்டினார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் பேசவேயில்லை, அன்று அந்தக் கேள்வியைக் கேட்கும் வரை.

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. பதிலைத் தேடி மூன்று மாதங்கள் கருவிகளைப் பார்த்தேன். அப்போது அறிந்துகொண்டதை, உங்கள் ஊர்ச் சங்கத்துக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

பதிவு தொலைந்தால்...

பதிவு தொலைந்தால் என்ன நடக்கும் என்று வன்னிப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2009 இல் நான் 8 ஆம் வகுப்பு மாணவி. ஓடி ஓடி, கடைசியில் செட்டிகுளம் மனிக்பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது எமது கையில் இருந்தது ஒரு பையும் ஒரு போத்தல் தண்ணீரும்தான். அம்மாவின் வங்கிப் புத்தகம், காணி அனுமதிப்பத்திரம், எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் எல்லாம் வழியில் போய்விட்டன. திரும்பி வந்த பின்னர் ஒவ்வொன்றுக்கும் எத்தனை கந்தோர்ப் படி ஏறினோம்! இருந்த ஒன்றை இருந்தது என்று நிரூபிக்கவே பாதி வயது போய்விடுகிறது.

ஆகவே, எமது கணக்கை ஒரு புதிய இடத்தில் வைப்பதென்றால், அந்த இடம் எவ்வளவு காலம் இருக்கும், அது இல்லாமற் போனால் கணக்கை எப்படி வெளியே எடுப்பது என்பதுதான் முதற் கேள்வி. அழகும் வேகமும் அதற்குப் பிறகுதான்.

ஏன் இரண்டு வகை?

முதலில் உறுப்பினர்களின் தொலைபேசிகளை எண்ணினேன். 38 பேரில் 26 பேரிடம் அன்ட்ரொய்ட் வகை 'ரச் போன்' இருந்தது. அவற்றில் பல, ஏற்கெனவே ஒருவர் பாவித்துக் கைமாறியவை. 9 பேரிடம் பட்டன் போன். மிகுதி 3 பேரிடம் ஐபோன். ஐபோன் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்களா? பிரான்சிலும் கனடாவிலும் இருக்கும் சகோதரர்கள் புதியது வாங்கியபோது பழையதை ஊருக்கு அனுப்பி வைத்தவை. எமது செயலாளர் அக்காவிடம் இருப்பதும் அப்படி வந்த ஐபோன்தான்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. பொருளாளர் எழுதிய கணக்கைச் செயலாளர் பார்த்து ஒப்பமிட வேண்டும். இருவரும் பார்க்காத கணக்கு எமக்குக் கணக்கே அல்ல. பொருளாளரிடம் அன்ட்ரொய்ட், செயலாளரிடம் ஐபோன். ஆகவே செயலி இரண்டிலும் ஓட வேண்டியிருந்தது.

இங்கேதான் சிக்கல். அன்ட்ரொய்ட் கூகுளின் தளம். அதற்குரிய செயலிகளை வழமையாகக் கொட்லின் அல்லது ஜாவா என்னும் மொழியில் எழுதுவார்கள். ஐபோன் அப்பிள் நிறுவனத்தின் தளம். அதற்கு ஸ்விஃப்ட் என்னும் மொழி. ஒன்றுக்கு எழுதியது மற்றதில் ஓடாது. இரண்டுக்கும் தனித்தனியே எழுதினால் வேலையும் இரட்டிப்பு, பிழை திருத்துவதும் இரட்டிப்பு. இதற்காகத்தான் ஒருமுறை எழுதி இரண்டு தளங்களுக்கும் கட்டக்கூடிய பல்தளக் கருவித்தொகுதிகள் உருவாகின. எல்லோரிடமும் அன்ட்ரொய்ட் மட்டும் இருந்திருந்தால் நான் பேசாமல் கொட்லினிலேயே எழுதியிருப்பேன்.

தையல் இயந்திரம் வாங்குவது போல

மீள்குடியேற்றத்தின் பின்னர் எமது ஊர்களுக்குத் தையல் இயந்திரங்கள் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சில இன்றும் ஓடுகின்றன. சில, ஊசி முறிந்த அன்றோடு மூலையில் பூச்சாடி வைக்கும் மேசையாகிவிட்டன. இரண்டும் தைக்கக்கூடிய இயந்திரங்கள்தான். வித்தியாசம் என்னவென்றால், ஒன்றுக்கு உதிரிப்பாகம் கிளிநொச்சிச் சந்தையடியில் கிடைத்தது, திருத்தத் தெரிந்தவரும் பக்கத்தில் இருந்தார். மற்றதற்கு இரண்டும் இல்லை.

செயலி கட்டும் கருவியும் அப்படித்தான். எது மிகச் சிறந்தது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்வார்கள். உடைந்தால் யார் திருத்துவார், செய்தவர்கள் தொடர்ந்து கவனிப்பார்களா என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும்.

கருவிகளில் நான் கண்ட வகைகள்

முதலாவது வகை, இணையப் பக்கத்தை ஓர் உறைக்குள் போட்டுச் செயலியாக்குவது. இதில் முன்னோடி ஃபோன்கேப். 2008 இல் தொடங்கிய அதை 2011 இல் அடோபி நிறுவனம் வாங்கியது. உலகெங்கும் ஏராளமானோர் அதில் செயலி செய்தார்கள். அடோபி 2020 இல் அதைக் கைவிட்டது. அதன் மூலநிரல் கோர்டோவா என்ற பெயரில் அப்பாச்சி என்னும் தன்னார்வ அமைப்பிடம் முன்னரே கொடுக்கப்பட்டிருந்ததால், அதைப் பாவித்தவர்களுக்கு முழுமையாகக் கை முறியவில்லை.

இரண்டாவது வகை, ஒரே மொழியில் எழுதினாலும், திரையில் வரும் பொத்தான்களையும் பெட்டிகளையும் அந்தந்தத் தொலைபேசியிடமே இரவல் வாங்கிக் கொள்வது. பேஸ்புக் நிறுவனம் 2015 இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் இதில் பெயர் பெற்றது. அதன் மொழி ஜாவாஸ்கிரிப்ட். இணையத்தளம் செய்யத் தெரிந்தவர்கள் பலருக்கு அந்த மொழி ஏற்கெனவே தெரியும். ஸமாரின் என்பதும் ஏறத்தாழ இதே வழியில் வந்தது. 2011 இல் தொடங்கிய அதை 2016 இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. மௌயி என்ற வாரிசை 2022 இல் வெளியிட்டுவிட்டு, 2024 மே 1 ஆம் திகதியோடு ஸமாரினுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது.

மூன்றாவது வகை, தொலைபேசியிடம் எதையும் இரவல் கேட்காமல், திரையில் எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்வது. கூகுளின் பிளட்டர் இவ்வகை. 2018 டிசம்பரில் அதன் முதலாவது முழுமையான பதிப்பு வந்தது. மொழி டார்ட். 2021 முதல் அதே நிரலை இணையப் பக்கமாகவும் கட்டலாம்.

நான்காவது, செயலியே வேண்டாம், நல்ல இணையப் பக்கம் போதும் என்பது. இதை ஏளனமாக நினைக்கக் கூடாது. 2022 ஜூலையில் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களை எண்ணிப் பாருங்கள். தேசிய எரிபொருள் அனுமதிக்கு நாம் பதிந்தது ஓர் இணையத்தளத்தில். கிடைத்த கியூ.ஆர். குறியைக் காகிதத்தில் அச்சிட்டும் கொண்டு போகலாம். பெற்றோல் அடிக்கப் போனவருக்கு ஐபோனா அன்ட்ரொய்டா என்ற கேள்வியே எழவில்லை. ஆனால் எமது கணக்கு, சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதப்பட வேண்டும். இணையப் பக்கத்தையும் சிக்னல் இல்லாமல் ஓடச் செய்யலாம் என்பது உண்மைதான். எனினும் பேரப்பிள்ளை போனைத் 'துப்புரவாக்குகிறேன்' என்று உலாவியில் உள்ளதை அழித்துவிட்டால், அனுப்பப்படாத கணக்கும் அதோடு போய்விடும். பொருளாளருக்கு அது சரிவராது என்று விட்டேன்.

இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவாகியது. பெரிய நிறுவனத்தின் கருவி என்பதால் அது சாகாது என்று நம்ப முடியாது. அடோபி சிறிய நிறுவனமா? மைக்ரோசொப்ட் சிறிய நிறுவனமா? 2024 இல் கூகுள் ஆட்குறைப்புச் செய்தபோது பிளட்டர் குழுவிலும் சிலர் வேலையிழந்தார்கள். ஆகவே ஆச்சிக்கு "இல்லை, இது சாகாது" என்று நான் சொன்னால் அது பொய்.

நான் வைத்த பரீட்சைகள்

மொழியைக் கற்க முன்னர், ஒவ்வொரு கருவியிலும் ஒரேயொரு திரையை மட்டும் செய்து பார்த்தேன். பெயர், தொகை, திகதி, ஒரு பொத்தான். அதைப் பொருளாளர் அக்காவின் தொலைபேசியிலும், சங்கத்தில் உள்ளவற்றுள் மிகப் பழைய தொலைபேசியிலும் போட்டு நான்கு பரீட்சைகள் வைத்தேன்.

முதலாவது, தமிழ். 2005 இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்லினத்தை அறிமுகப்படுத்திய காலத்தில், கைத்தொலைபேசியில் தமிழ் தெரிவதே பெரிய செய்தி. இன்று எல்லாப் போனிலும் தமிழ் வருகிறது என்பதால் கருவியிலும் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. நான் பயிற்சி நிலையத்தில் பைதன் மொழி படித்தவள். ஆகவே பைதனில் எழுதும் கருவி ஒன்றை ஆசையோடு முதலில் எடுத்தேன். கொக்கிளாய், நெடுங்கேணி, கேப்பாப்பிலவு, முள்ளியவளை என்று எமது ஊர்ப் பெயர்களை எழுதிப் பார்த்தேன். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்தது. தமிழில் கொம்பு ஒலிப்பில் பின்னால் வந்தாலும் எழுத்தில் முன்னால் நிற்கும். அதை இடம் மாற்றி அடுக்கும் வேலையைக் கருவி செய்ய வேண்டும். அதைச் செய்யாத கருவியில் ஆச்சிமார் எதை வாசிப்பது? அன்றே அதை ஒதுக்கினேன். பிளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் இதில் சித்தியடைந்தன.

இரண்டாவது, சிக்னல் இல்லாமை. தொலைபேசியை 'பிளைட் மோட்' இல் போட்டுவிட்டுப் பத்துக் கணக்குகளை எழுதி, போனை நிறுத்தி, மீண்டும் திறந்தேன். பத்தும் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, பழைய போன். புதிய பதிப்புகள் பழைய தொலைபேசிகளைக் கைவிட்டுக்கொண்டே வரும். உதாரணமாக, 2024 இறுதியில் வந்த ரியாக்ட் நேட்டிவ் பதிப்பிலிருந்து, அன்ட்ரொய்ட் 7 அல்லது அதற்குப் பிந்தியது இருக்க வேண்டும். எமது சங்கத்தின் மிகப் பழைய போன் அன்ட்ரொய்ட் 8. தப்பினோம். செயலியின் பருமனையும் பார்க்க வேண்டும். என் பிளட்டர் செயலி முதலில் 20 எம்.பி.க்கு மேல் வந்தது. தொலைபேசி வகைக்கு ஏற்பப் பிரித்துக் கட்டியபோது பாதிக்கும் கீழே இறங்கியது. 'டேட்டா' போடக் காசு எண்ணுபவர்களுக்கு அது சிறிய விடயமல்ல.

நான்காவது, கண். தொலைபேசியின் எழுத்தளவை ஆகப் பெரிதாக்கி, பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா என்று பார்த்தேன். கண்ணாடி மாற்றக் காசில்லாத உறுப்பினர்கள் அப்படித்தான் போனைப் பாவிக்கிறார்கள்.

தீர்மானித்தது யார்?

கடைசியில் இரண்டு கருவிகள் நின்றன. பிளட்டர், ரியாக்ட் நேட்டிவ். இரண்டும் இலவசம். இரண்டின் மூலநிரலும் திறந்தது. இரண்டும் பரீட்சைகளில் தேறின. இதில் எது சிறந்தது என்று இரவிரவாகக் காணொளிகள் பார்த்துக் குழம்பியிருந்தேன்.

தீர்மானித்தது ஒரு தங்கச்சி. தர்மபுரத்தில் இருந்து கணனிப் படிப்புக்குப் போய் வருபவள். எனக்கு ஏதும் நடந்தால் இதை யார் பார்ப்பது என்று யோசித்தபோது அவள் ஞாபகம் வந்தாள். கேட்டேன். "அக்கா, எனக்கு பிளட்டர் கொஞ்சம் தெரியும். மற்றதெண்டால் முதலிலயிருந்து படிக்க வேணும்" என்றாள். அத்தோடு முடிவாகிவிட்டது. அவளுக்கு ரியாக்ட் நேட்டிவ் தெரிந்திருந்தால் நான் அதையே எடுத்திருப்பேன். இரண்டு பேர் திருத்தக்கூடிய சாதாரணக் கருவி, ஒருவர் மட்டும் திருத்தக்கூடிய சிறந்த கருவியைவிட எமக்கு நல்லது.

வன்னியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லாமலில்லை. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. பம்பைமடுவில் உள்ள வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. கருவியைத் தெரிந்தெடுக்க முன்னர், உங்கள் ஊரிலிருந்து இவற்றுக்குப் போகும் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஐபோன் விடயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்தளக் கருவி என்பதால் எல்லாம் ஒரே செலவில் முடிந்துவிடாது. ஐபோனுக்குரிய செயலியைக் கட்ட அப்பிளின் மக் கணனி வேண்டும். அப்பிளின் கடையில் வைப்பதற்கு ஆண்டுதோறும் 99 டொலர், அதாவது ஏறத்தாழ 30,000 ரூபா. கூகுளின் கடைக்கு ஒரேயொரு முறை 25 டொலர். மூன்று ஐபோனுக்காக வருடம் வருடம் 30,000 ரூபாவா என்று சங்கம் கேட்டது. நியாயமான கேள்வி. ஆகவே அதே பிளட்டர் நிரலை இணையப் பக்கமாகவும் கட்டினேன். செயலாளர் அக்கா தன் ஐபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, பொருளாளர் எழுதியதைப் பார்த்து ஒப்பமிடுகிறார். எழுதுவது செயலியில், சரிபார்ப்பது பக்கத்தில்.

பெயர் இல்லாத கணக்கு

பழைய செயலியில் ஒவ்வொரு உறுப்பினரைப் பற்றியும் நீண்ட படிவம் ஒன்று இருந்தது. கணவர் இருக்கிறாரா, காணாமல் ஆக்கப்பட்டாரா, எந்த ஆண்டு, எங்கே என்றெல்லாம் கேட்டது. மாதம் 500 ரூபா சேமிப்பதற்கு இவை எதற்கு? அந்தப் பட்டியல் இன்று எங்கே, யாரிடம் இருக்கிறது என்பது எமக்குத் தெரியாது. கணக்குப் போனதைவிட அதுதான் சிலருக்கு நித்திரையைக் கெடுத்தது.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருப்பது நல்லது. கேட்கத் தேவையில்லாததைக் கேட்காமலே விடுவது அதைவிடப் பாதுகாப்பு. எமது புதிய செயலியில் உறுப்பினர் இலக்கமும் தொகையும் திகதியும் மட்டுமே உண்டு. 17 ஆம் இலக்கம் யார் என்பது பொருளாளர் அக்காவின் றங்குப் பெட்டிக்குள் இருக்கும் கொப்பிக்குத்தான் தெரியும்.

கருவியோடு சேர்த்துக்கொள்ளும் இலவசப் பொதிகளிலும் கவனம் வேண்டும். வேலையை இலகுவாக்கும் ஒரு சிறு பொதி, தொலைபேசி இருக்கும் இடத்தையும் தொடர்பு இலக்கங்களையும் பார்க்க அனுமதி கேட்கலாம். செயலி கேட்கும் அனுமதிகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' என்று கேட்டேன். கடைசியில் எஞ்சியது இணைய அனுமதி ஒன்றுதான்.

12 பேர், 14 நாட்கள்

கூகுளின் கடையில் தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் திறப்பவர், செயலியை வெளியிட முன்னர் குறைந்தது 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள் பரீட்சிக்க வேண்டும். வேறு ஊர்களில் இதற்கு ஆள் தேடுவார்களாம். எமக்குச் சங்கமே இருந்தது.

அந்த 14 நாட்களில் நான் கற்றது கொஞ்சமல்ல. 'மீதி' என்று நான் எழுதியிருந்ததை, கட்ட வேண்டிய கடன் என்று பாதிப் பேரும், கையில் மிஞ்சியிருக்கும் சேமிப்பு என்று பாதிப் பேரும் விளங்கிக்கொண்டார்கள். ஒரு மாமி தன் கடனைச் சேமிப்பு என்று நினைத்துச் சந்தோசப்பட்டே விட்டார். அதை 'இன்னும் கட்ட இருப்பது' என்று மாற்றினேன். எந்தக் கருவியும் இதை எனக்குச் சொல்லித் தந்திராது.

பட்டன் போன் வைத்திருக்கும் 9 பேருக்குக் குறுஞ்செய்தி போகிறது. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான் இடம். ஆங்கிலத்துக்கு 160. 'கு' என்பது எமக்கு ஓரெழுத்து, தொலைபேசிக்கு இரண்டு குறிகள். எண்ணி எண்ணி இப்படிச் சுருக்கினோம்: "உறுப்பினர் 17: 500 ரூபா கிடைத்தது. இன்னும் கட்ட இருப்பது 3500". செயலி இதை எழுதித் தரும். பொருளாளர் அக்கா பார்த்து, தானே அனுப்புவார்.

ஆச்சிக்குச் சொன்ன பதில்

செயலி தயாரானதும் மீண்டும் கூட்டம் கூடியது. ஆச்சிக்கு எல்லோர் முன்னாலும் பதில் சொன்னேன்.

"ஓம் ஆச்சி, இதுவும் ஒரு நாள் செத்துப் போகலாம். ஆனால் கணக்குச் சாகாத மாதிரிச் செய்திருக்கிறன்."

அது எப்படி என்றால், கணக்கு பிளட்டருக்குள் இல்லை. அது எஸ்கியூலைட் என்னும் சிறிய தரவுக் கோப்பில் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் இருந்து வரும் அது இன்று எல்லாத் திறன்பேசிகளிலும் உண்டு. அதைச் செய்தவர்கள் 2050 வரை அதைப் பேணும் எண்ணம் இருப்பதாக அறிவித்திருக்கிறார்கள். நாளை பிளட்டர் இல்லாமற் போனாலும் வேறெந்தக் கருவியாலும் அந்தக் கோப்பைத் திறக்கலாம். அது மட்டுமல்ல, மாத முடிவில் ஒரு பொத்தானை அழுத்தினால் முழுக் கணக்கும் எந்தக் கணனியிலும் திறக்கக்கூடிய சாதாரண அட்டவணையாக வரும். அதை அச்சிட்டு, இருவரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியை முன்பள்ளிச் சுவரில் ஒட்டுகிறோம். அதிலும் இலக்கங்கள் மட்டும்தான். தன் இலக்கம் எதுவென்று அவரவருக்குத் தெரியும்.

கொப்பியையும் நாம் மூடவில்லை. காசு வாங்கும்போது துண்டு எழுதிக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. செயலி கூட்டல் கழித்தலைச் செய்கிறது, தவணை பிந்தினால் ஞாபகமூட்டுகிறது, பொருளாளர் அக்காவின் இரண்டு இரவு வேலையை மிச்சப்படுத்துகிறது. அதற்குத்தான் அது.

நீங்கள் கேட்க வேண்டியவை

சகோதரிகளே, உங்கள் சங்கத்துக்கும் யாராவது செயலி செய்து தர வரலாம். கணனி தெரியாது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். தையல் இயந்திரம் வாங்கும்போது கேட்கும் கேள்விகளையே கேளுங்கள்.

1. எமது எல்லோருடைய தொலைபேசியிலும் இது ஓடுமா? மிகப் பழைய போனில் இப்போதே போட்டுக் காட்டுவீர்களா?

2. எந்தக் கருவியில் செய்கிறீர்கள்? பெயரை எழுதித் தாருங்கள். (முந்திய செயலியின் கருவி எதுவென்று நாம் கேட்டிருக்கவேயில்லை.)

3. அந்தக் கருவி தெரிந்த வேறு யார் எமது மாவட்டத்தில் இருக்கிறார்?

4. நீங்கள் போன பிறகு ஆண்டுதோறும் என்ன செலவு? யார் கட்டுவது?

5. சிக்னல் இல்லாமல் எழுதலாமா?

6. எமது கணக்கு முழுவதையும் நாமே வெளியே எடுத்து அச்சிடும் பொத்தான் எங்கே?

7. எம்மைப் பற்றி என்னென்ன கேட்கிறீர்கள், அது ஏன், எங்கே வைக்கப்படும்? செயலியின் மூலநிரலின் பிரதி ஒன்று சங்கத்திடம் இருக்குமா?

இந்த ஏழுக்கும் பதில் சொல்ல முடியாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "யோசித்துச் சொல்கிறோம்" என்று மரியாதையாக அனுப்பி விடுங்கள்.

எமது செயலி ஓடத் தொடங்கி ஏழு மாதங்களாகின்றன. ஆறு மாதக் கணக்குத் தாள்கள் சுவரில் வரிசையாக இருக்கின்றன. ஆச்சிக்குப் பட்டன் போன்தான். குறுஞ்செய்தி வந்ததும் பேத்தியிடம் வாசிப்பிக்கிறார். ஆனாலும் அது அவருக்குப் போதவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் என்னிடம் தன் கணக்கைத் தனித் தாளில் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்.

போன மாதக் கூட்டத்தில் சங்கம் ஒரு தீர்மானம் எடுத்தது. அந்த 6,000 ரூபாவை ஆச்சியின் சேமிப்பில் திருப்பி வைப்பதென்று 38 பேரும் கை உயர்த்தினார்கள். அந்தப் பதிவைச் செயலியில் நான் எழுதவில்லை. பொருளாளர் அக்காதான் எழுதினார். செயலாளர் அக்கா தன் ஐபோனில் பார்த்து ஒப்பமிட்டார்.